கடலோர ரெசிடென்சிக்குப் போகும் ஓவியர்களுக்கு: விண்ணப்பம் முதல் பார்சல் வரை

கடற்கரையில் சில வாரம் தங்கி, பாசியையும் பாறையையும் அலையையும் பார்த்துப் படம் செய்ய உங்களுக்கு ஒரு ரெசிடென்சியில் (கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இடம் தரும் திட்டம்) இடம் கிடைத்திருக்கலாம். அல்லது விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். எப்படியானாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அழைப்புக் கடிதத்தில் என்னென்ன வரிகள் இருக்க வேண்டும், ஈரக்காற்றில் தாள் காயாவிட்டால் என்ன செய்வது, பொறுக்கிய சங்கை எல்லை தாண்டிக் கொண்டுவர முடியுமா போன்ற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அலைந்து, எழுதிக் கேட்டு, போய்வந்தவர்களை விசாரித்துத் தெரிந்துகொண்டதை வேலை நடக்கும் வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் உங்கள் நாளை ஓதமும் (கடல் ஏறி இறங்குவது) ஈரப்பதமும் உப்பும்தான் தீர்மானிக்கும். அவற்றைக் கணக்கில் எடுத்துத் திட்டமிட்டால் ஒரு மாதம் தாராளம். கணக்கில் எடுக்காவிட்டால் மூன்று மாதமும் போதாது.

1. இடத்தைவிடப் பருவத்தை முதலில் பாருங்கள்

உலகம் முழுவதும் உள்ள ரெசிடென்சிகளைத் தேட ரெஸ் ஆர்ட்டிஸ், டிரான்ஸ்ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆகிய இரண்டு இணையதளங்களின் பட்டியல்களும் போதும். அதில் கடலோரம் என்று போட்டிருந்தால் மனம் உடனே வெயிலையும் நீலத்தண்ணீரையும் கற்பனை செய்துவிடும். தேதியைப் பாருங்கள். அமெரிக்காவின் ப்ராவின்ஸ்டவுனில் உள்ள ஃபைன் ஆர்ட்ஸ் வொர்க் சென்டரின் ஃபெலோஷிப் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிற 7 மாதத் திட்டம். கடலோரக் குளிர்காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஆள் நடமாட்டமில்லாத கரையும் பெரிய அலையும் வேண்டும் என்பவர்களுக்கு அது வரம். வெயிலில் அச்செடுக்கும் சயனோடைப் செய்ய நினைப்பவர்களுக்கு அந்தச் சூரியன் போதாது.

விண்ணப்பிக்கும் முன் நிர்வாகத்திடம் இவற்றைக் கேளுங்கள். தங்கும் மாதத்தில் பகல் எத்தனை மணி நேரம்? மழைக்காலமா? கரைக்கு நடந்து போகலாமா, வண்டி வேண்டுமா? பறவைகள் முட்டையிடும் பருவத்திலோ ஆமைகள் கரையேறும் பருவத்திலோ கரையின் எந்தப் பகுதியையாவது மூடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. போய் இறங்கிய பிறகு, தான் வரைய நினைத்த மணல்மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதைப் பார்க்கிறார்கள்.

விண்ணப்பித்தவர் எல்லோரையும் எடுத்துக்கொண்டு, பெரிய கட்டணமும் கேட்டு, பழைய கலைஞர்களின் தொடர்பைக் கேட்டால் மழுப்பும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே தங்கியிருந்த இருவரிடமாவது நேரடியாகப் பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

2. விண்ணப்பக் காகிதங்கள்

ஓராண்டு முன்னால் தொடங்குங்கள். விண்ணப்பம் முடிவதற்கும் முடிவு வருவதற்கும் நடுவில் மாதக்கணக்கில் ஆகும். அதற்கு அப்புறம் விசாவுக்கும் நேரம் வேண்டும். பெரும்பாலும் கேட்கப்படுபவை:

– உங்கள் கலைப்பணிக் குறிப்பு, இரண்டு பக்கத்துக்குள்.
– உங்கள் கலை எதைப் பற்றியது என்ற சிறு அறிக்கை.
– அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்ற திட்டம்.
– 10 முதல் 20 படங்கள், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு.
– பரிந்துரைக் கடிதங்கள், அல்லது பரிந்துரைப்பவர்களின் பெயரும் தொடர்பும்.
– பட்ஜெட், உதவித்தொகை கேட்கிறீர்கள் என்றால்.

பரிந்துரை எழுதுபவரிடம் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் திட்டத்தின் வரைவையும் கூடவே அனுப்புங்கள். அது கையில் இருந்தால் அவர் பொத்தாம்பொதுவாக எழுத மாட்டார்.

திட்டம் எழுதுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'கடலின் அழகால் ஈர்க்கப்பட்டுப் படைப்புகள் உருவாக்குவேன்' என்று எழுதினால் தேர்வுக்குழுவுக்கு ஒன்றும் தெரியாது. எதைப் பார்ப்பீர்கள், எந்த ஊடகத்தில் செய்வீர்கள், எத்தனை படம், அதற்கு அந்த இடம் ஏன் வேண்டும் என்று எழுதுங்கள். 'தாழ் ஓதத்தில் பாறைக்குழிகளில் தெரியும் பாசிகளை அழுத்திக் காயவைத்து, அவற்றைக்கொண்டு பெரிய தாள்களில் சயனோடைப் அச்சுகள் எடுப்பேன். ஒரே குழியை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பார்த்து வரைவேன்' என்பது திட்டம். அதைப் படிப்பவருக்கு நீங்கள் அந்தக் கரையை யோசித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

படங்களின் கோப்பு அளவு, பெயரிடும் முறை எல்லாம் அறிவிப்பில் சொன்னபடியே இருக்கட்டும். கடைசி நாளன்று தளங்கள் திணறும். இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

3. செலவைத் தலைப்புவாரியாகப் போடுங்கள்

'இலவச ரெசிடென்சி' என்றால் பெரும்பாலும் அறையும் ஸ்டுடியோவும் மட்டும்தான் இலவசம். மீதியை நீங்கள் எழுதிப் பார்க்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் (கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது), விசாக் கட்டணம், போக்குவரத்து, உள்ளூரில் கரைக்குப் போய்வரும் செலவு, சாப்பாடு, பொருட்கள், காப்பீடு, படைப்புகளைத் திருப்பி அனுப்பும் பார்சல், அப்புறம் நீங்கள் இல்லாத மாதத்துக்கு வீட்டு வாடகையும் இழக்கும் வருமானமும். கடைசி இரண்டையும் யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. கையைக் கடிப்பது அங்கேதான்.

பார்சல் செலவைப் போகும் முன்பே விசாரியுங்கள். பெரிய கான்வாஸைச் சட்டத்தோடு அனுப்ப ஆகும் தொகை சில நேரம் விமானச் சீட்டைத் தாண்டிவிடும். அது தெரிந்தால் நீங்கள் செய்யப்போகும் படத்தின் அளவே மாறும். தாளிலும் சுருட்டக்கூடிய துணியிலும் வேலை செய்வது என்று பலர் முடிவெடுக்க இதுதான் காரணம். இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உதவித்தொகை எப்போது கைக்கு வரும் என்று கேளுங்கள். பில்லைக் கொடுத்த பிறகு திருப்பித் தருவதாக இருந்தால், முழுச் செலவையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும்.

4. ஒப்பந்தக் கடிதத்தில் வரிவரியாகக் கேளுங்கள்

நான் போன ஓர் இடத்தின் கடிதத்தில் 'ஸ்டுடியோ வசதி உண்டு' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. மாலையானால் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பதும், தண்ணீர்க் குழாய் வேறு கட்டடத்தில் இருக்கிறது என்பதும் போன பிறகுதான் தெரிந்தது. அதனால் இந்தப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஸ்டுடியோ எத்தனை மணி வரை திறந்திருக்கும்? உள்ளே குழாயும் தொட்டியும் உண்டா? நல்ல தண்ணீர் தட்டுப்பாடு உண்டா? அறையை முழுக்க இருட்டாக்க முடியுமா? கரைப்பான்களும் ரசாயனங்களும் பயன்படுத்த அனுமதி உண்டா? கழிவை எங்கே கொட்டுவது? பல கடலோர வீடுகளில் கழிவுநீர் தோட்டத்துக்கோ மண்ணடித் தொட்டிக்கோ போகும். பெயின்ட் கழுவிய தண்ணீரை அதில் ஊற்றக்கூடாது.

உரிமை பற்றிய வரிகளையும் கவனியுங்கள். ஒரு படைப்பை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டுமா? கொடுக்க வேண்டும் என்றால் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வது யார்? உங்கள் படங்களின் புகைப்படத்தை அவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா? காப்புரிமை உங்களிடமே இருக்கும் என்று எழுதியிருக்கிறதா? திறந்த ஸ்டுடியோ நாளோ (பார்வையாளர்கள் வந்து உங்கள் வேலையைப் பார்க்கும் நாள்), பள்ளிக் குழந்தைகளுக்கு வகுப்போ கட்டாயமா? நீங்கள் வர முடியாமல் போனால் கட்டிய பணம் என்னவாகும்?

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒழுங்காக நடத்தும் இடங்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்கின்றன.

5. விசா, காப்பீடு, அழைப்புக் கடிதம்

வெளிநாடு என்றால், தேர்வானது தெரிந்த அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி உங்கள் பெயர், தங்கும் தேதிகள், முகவரி, யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள், உதவித்தொகை உண்டா இல்லையா, கையொப்பமிடுபவரின் பதவி ஆகியவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். உதவித்தொகை வாங்கினாலோ வகுப்பு எடுத்துச் சம்பளம் பெற்றாலோ சுற்றுலா விசா செல்லாமல் போகலாம். எந்த வகை விசா என்று தூதரகத்தின் விதிகளில் நீங்களே பாருங்கள். ரெசிடென்சி ஊழியர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் கடவுச்சீட்டு செல்லுபடியாக இருப்பது நல்லது. பல நாடுகள் அதைக் கேட்கின்றன.

காப்பீட்டில் மூன்றைத் தனித்தனியாகப் பாருங்கள்: உங்கள் மருத்துவச் செலவு, உங்கள் கருவிகள், நீங்கள் செய்யும் படைப்புகள். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் மூன்றாவதைத் தொடுவதில்லை.

விலையுயர்ந்த கேமராவோ ஏற்கனவே செய்த படைப்புகளோ கொண்டுபோகிறீர்கள் என்றால் ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணத்தை விசாரியுங்கள். அதிகபட்சம் ஓராண்டு செல்லும், பிணைத்தொகை கட்ட வேண்டும், அந்த ஏற்பாட்டில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டும்தான். பெயின்ட், தாள் போலத் தீர்ந்துபோகும் பொருட்களுக்கு அது பொருந்தாது.

6. பெட்டியில் என்ன போகும், என்ன போகாது

டர்பன்டைன், மினரல் ஸ்பிரிட், ஸ்ப்ரே ஃபிக்ஸேட்டிவ், ஸ்ப்ரே வார்னிஷ் எதுவும் விமானத்தில் ஏறாது. போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்குங்கள். ட்யூபில் வரும் ஓவியர் எண்ணெய் வண்ணங்கள் வேறு வகை. அவற்றின் தீப்பற்றும் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸை நன்றாகத் தாண்டியிருக்கும் என்பதால் பொதுவாக அனுமதிக்கப்படும். ஆனால் பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு அது 'எண்ணெய்' என்றுதான் தெரியும். தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும் பாதுகாப்புத் தரவுத்தாளை அச்சிட்டு ட்யூப்களோடு வையுங்கள். உங்கள் விமான நிறுவனத்திடமும் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள்.

மற்றபடி கடலோரத்துக்கு என்றே எடுத்துப்போக வேண்டியவை: பலமான கிளிப்புகள் நிறைய (காற்று ஓயாது), தாளை மூட ஜிப் பைகள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள், மல் துணி, ஒற்றுத்தாள், நுண்ணிய சல்லடை, கைலென்ஸ், வழுக்காத செருப்பு, தொப்பி. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளாக இருக்கட்டும். மெல்லிய தாள் ஈரக்காற்றிலேயே நெளிந்துவிடும். நான்கு பக்கமும் ஒட்டிய பிளாக்காகக் கிடைத்தால் இன்னும் வசதி.

7. பொறுக்குவதற்கு முன் அனுமதி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இதில் தவறினால் படம் கெடுவதோடு நிற்காது, அபராதமும் வழக்கும் வரும்.

கரையில் கிடப்பதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லை என்று தோன்றும். தேசியப் பூங்காக்களிலும் கடல்சார் காப்பகங்களிலும் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக்கூடாது என்ற விதி இருப்பது சாதாரணம். இத்தாலியின் சார்டினியா தீவில் 2017 முதல் கடற்கரை மணலையும் கற்களையும் சிப்பியையும் எடுத்துப்போவதற்கு அபராதம் உண்டு. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி, பெரும்பாலான காட்டுப் பறவைகள் உதிர்த்த இறகைத் தரையிலிருந்து எடுத்து வைத்திருப்பதே குற்றம். நீங்கள் போகும் கரை யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்று ரெசிடென்சியில் கேட்டு, அந்த அலுவலகத்திடமிருந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ட்ரோன் பறக்கவிடவும் அப்படியே.

எல்லை தாண்டுவது தனிச் சிக்கல். அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் கடலாமைகள், கல் பவளங்கள், கடல்குதிரைகள், ராட்சதச் சிப்பிகள், நாட்டிலஸ், ராணிச் சங்கு எல்லாம் இருக்கின்றன. செத்து, காய்ந்து, கரையொதுங்கியதாக இருந்தாலும் பட்டியல் பொருந்தும். படைப்பில் ஒட்டிய ஒரு துண்டு பவளம் போதும், முழுப் படமும் சுங்கத்தில் தங்கிவிட. மணல், மண், மரத்துண்டு, காய்ந்த பாசி ஆகியவற்றுக்குத் தாவரநோய்த் தடுப்பு விதிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கறார்.

என் வழக்கம் இது: பொருளை அங்கேயே விட்டுவிடுவது, அதன் உருவத்தை மட்டும் கொண்டுவருவது. வரைபடம், தேய்ப்புப் படிவம், சயனோடைப் நிழல், புகைப்படம். இவற்றுக்குச் சுங்கத்தில் கேள்வி இல்லை, கரைக்கும் நட்டமில்லை.

எடுக்க அனுமதி உள்ள இடத்திலும், சங்கைக் கையில் எடுத்ததும் வாய்ப்பக்கம் பாருங்கள். உள்ளே நத்தையோ முனிவர் நண்டோ இருந்தால் எடுத்த இடத்திலேயே வையுங்கள். பாறையில் பற்றியிருக்கும் பாசியைப் பிய்க்காதீர்கள். அலை கொண்டுவந்து போட்டதே வேண்டிய அளவு கிடக்கும். புரட்டிய கல்லைப் பழையபடி திருப்பி வையுங்கள், அதன் அடியில் இருப்பவை வெயில் தாங்காதவை. ஆமை முட்டையிடும் கரையில் இரவில் விளக்கு அடிக்காதீர்கள்.

8. ஓத அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள்

பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு உயர் ஓதம், இரண்டு தாழ் ஓதம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்குத் தாழ் ஓதம் என்றால் நாளை 6.50 வாக்கில். ஒரு வாரத்தில் அது நண்பகலுக்கு வந்துவிடும், காலை 6 மணிக்குக் கடல் நிறைந்திருக்கும். ஆகவே 'தினமும் காலையில் பாறைக்குழிகளை வரைவேன்' என்ற திட்டம் முதல் வாரத்திலேயே உடையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக உள்ளே வாங்கும், மிக மேலேயும் ஏறும். மற்ற நாட்களில் தெரியாத பாறைகள் அப்போதுதான் வெளியே வரும். நீங்கள் தங்கும் மாதத்தில் அந்த நாட்கள் எவை என்று குறித்து, அவற்றைக் கரைக்கென்றே ஒதுக்குங்கள். அரை ஓதம் மட்டும் இறங்கும் நாட்களில் ஸ்டுடியோ வேலை.

சில கரைகளில் நாளுக்கு ஒரே ஓதம்தான், சில இடங்களில் ஏற்ற இறக்கமே மிகக் குறைவு. உள்ளூர் அட்டவணையைத்தான் நம்ப வேண்டும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில், அட்டவணை எந்த நேரத்தில் போடப்பட்டது என்றும் பாருங்கள். ஒரு மணி நேரம் பிசகினால் ஆபத்து.

தண்ணீர் ஒரே சீராக ஏறாது. தாழ் ஓதத்துக்குப் பின் முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று பங்கு என்பது மாலுமிகளின் தோராயக் கணக்கு. மொத்த ஏற்றம் 4 மீட்டர் என்றால் மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் 1 மீட்டர் ஏறிவிடும். தலை குனிந்து வரைந்துகொண்டிருப்பவருக்குப் பின்னால் வாய்க்கால் நிறைவது தெரியாது. தாழ் ஓதத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இறங்குங்கள், தாழ் ஓத நேரம் வந்ததும் அலாரம் வைத்துக் கரையேறத் தொடங்குங்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். செங்குத்தான மண்மேட்டின் அடியில் உட்கார்ந்து வரைய வேண்டாம்.

9. உப்பு

கடல்நீரிலேயே வாட்டர்கலர் கரைத்து வரைந்தால் அந்த இடமே படத்துக்குள் வந்துவிடும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தாளில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் இரவெல்லாம் அந்த அளவு ஈரம் சாதாரணம். காலையில் தொட்டுப்பார்த்தால் நேற்றே காய்ந்த படம் பிசுபிசுக்கும். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டால் பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். எனவே வரைவது நல்ல தண்ணீரில். கடல்நீர்ச் சோதனைகளைத் தனித் தாளில் செய்து, புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்கல் தூவிப் பூப்பூவாக வரும் தடம் வேண்டும் என்றால், நன்றாகக் காய்ந்ததும் ஒவ்வொரு கல்லையும் உதறித் துடைத்துவிடுங்கள்.

கருவிகளுக்கும் இதே கதைதான். பிரஷ்ஷின் உலோகப் பட்டை, ஈசல் திருகு, டிரைபாட் கால் எல்லாவற்றையும் அன்றன்றே நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். கேமரா லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத்துகள் கீறிவிடும். முதலில் ஈரத்துணி. அக்ரிலிக் வண்ணங்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது, குளிர்ந்த கரையில் அறைக்குள் வைத்துத்தான் தீட்ட வேண்டும்.

பாசி அழுத்துவது. கடலோரத்தில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான், பொறுமையாகச் சொல்கிறேன். அகலத் தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குச் சுத்தமான கடல்நீர் எடுங்கள். நல்ல தண்ணீரில் சில மெல்லிய பாசிகளின் செல்கள் வெடித்து நிறம் கசிந்துவிடும். பாசியை மிதக்கவிடுங்கள். கையில் கொழகொழவென்று ஒரு கட்டியாக இருந்தது தண்ணீரில் விழுந்ததும் தானாக விரியும், மயிரிழை போன்ற கிளைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். தடித்த தாளை அதற்கு அடியில் நுழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் கிளைகளை ஒதுக்கி, ஒரு மூலையிலிருந்து மிக மெதுவாகத் தூக்குங்கள். வேகமாகத் தூக்கினால் வடிகிற தண்ணீர் கிளைகளை எல்லாம் ஒரே பக்கம் வாரிவிடும். அப்படி ஆனால் மறுபடி தண்ணீருக்குள் இறக்கி முதலிலிருந்து செய்யலாம், ஒன்றும் கெடாது. மேலே மல் துணி, அதன்மேல் ஒற்றுத்தாள், அட்டை, கனமான புத்தகங்கள். ஒற்றுத்தாளைத் தினமும் மாற்றுங்கள், முதல் இரண்டு நாள் இருவேளையும். பாசியின் பசையே அதைத் தாளோடு ஒட்டிவிடும், தடித்த வகைகளுக்கு மட்டும் கொஞ்சம் பசை வேண்டும். சிவப்புப் பாசியின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். காய்ந்ததும் ஸ்கேன் எடுத்துவிட்டு இருட்டில் வையுங்கள்.

10. சயனோடைப்: வெயிலையும் தண்ணீரையும் மட்டும் நம்பி

ஒரு பாத்திரத்தில் ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லி தண்ணீரில். இன்னொன்றில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம், 100 மில்லியில். இரண்டையும் தனித்தனி கருநிறப் பாட்டிலில் வையுங்கள், பயன்படுத்தும்போது மட்டும் சம அளவு கலக்குங்கள். கையுறை கட்டாயம். ஃபெர்ரிசயனைடை வீரிய அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது, நச்சு வாயு வரும். சமையல் பாத்திரங்கள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

திரை மூடிய அறையில் மங்கலான மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் தாளில் தடவி, இருட்டில் காயவையுங்கள். கடலோர ஈரத்தில் தடவிய தாள் சீக்கிரம் கெடும். முந்தின இரவு தடவியதை மறுநாளே பயன்படுத்துங்கள். ஈரப் பாசியை நேராக வைத்தால் கறைபடும். அந்தக் கறை வேண்டாம் என்றால் நடுவில் மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் போடுங்கள், அல்லது அழுத்திக் காயவைத்த பாசியைப் பயன்படுத்துங்கள். மேலே வைக்கும் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியாக இருக்க வேண்டும். படச் சட்டங்களுக்கு வரும் புறஊதா தடுப்புக் கண்ணாடியைப் போட்டால் மணிக்கணக்கில் வெயிலில் வைத்தும் ஒன்றும் நடக்காது.

உச்சிவெயிலில் 5 முதல் 20 நிமிடம், மேகமூட்டத்தில் பல மடங்கு. சிறு துண்டுகளில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பெரிய தாளுக்குப் போங்கள். வெயில்பட்ட இடம் மஞ்சள்பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்கு வரும்போது எடுக்கலாம். மஞ்சள் முழுக்கப் போகும்வரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடல்நீர் சற்றே காரத்தன்மை உள்ளது, சயனோடைப் நீலத்துக்குக் காரம் ஆகாது. அதே காரணத்தால் சுண்ணாம்பு கலந்த 'அமிலமற்ற' தாள்களும் காலப்போக்கில் நீலத்தை மங்கவைக்கும். கலப்பில்லாத பருத்தித் தாள் வாங்குங்கள். கழுவியபோது வெளிறித் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், ஒரு நாளில் நீலம் ஆழமாகும்.

11. மண்ணிலிருந்து வண்ணம்

அனுமதி கிடைத்த இடத்தில் காவி மண் கொஞ்சம் எடுத்தால் போதும், உள்ளங்கையளவு மண் பல படங்களுக்கு வரும். காயவைத்து, பொடித்து, சலித்து, பாட்டிலில் நல்ல தண்ணீரோடு குலுக்கித் தெளியவிடுங்கள். மேல்நீரை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். உப்பு போக மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். காய்ந்த பொடியை கம் அராபிக் (வேல மரப் பிசின்) கரைசலோடு கண்ணாடிப் பலகையில் குழைத்து, சில துளி தேனும் ஒரு துளி கிராம்பு எண்ணெயும் சேர்த்தால் வாட்டர்கலர் தயார். பொடிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கரையொதுங்கிய மரத்தை எரித்து ஓவியக்கரி செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். உப்பு ஊறிய மரம் எரியும்போது டையாக்சின் போன்ற குளோரின் நச்சுகள் வெளியாகும். கரிக்கு உள்நாட்டு மரக்குச்சிகள் போதும்.

12. கடைசி வாரம்: காயவைத்தல், பதிவு, பார்சல்

நான்கு வாரம் இருந்தால் கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ஈரக்காற்றில் எல்லாம் காய இரட்டிப்பு நேரம் ஆகும், திறந்த ஸ்டுடியோ நாளும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். ஒவ்வொரு படத்தையும் நிழல் வெளிச்சத்தில், பக்கத்தில் நிற அட்டை வைத்துப் புகைப்படம் எடுங்கள். தலைப்பு, அளவு, ஊடகம், தேதி, பயன்படுத்திய இயற்கைப் பொருள், அதற்கான அனுமதி எண் ஆகியவற்றோடு ஒரு பட்டியல் தயாரியுங்கள். சுங்கத்துக்கும் காப்பீட்டுக்கும் அதே பட்டியல் உதவும். 'கலைஞர் தானே செய்த படைப்புகள்' என்று ரெசிடென்சியிடம் ஒரு கடிதமும் வாங்கிவையுங்கள்.

கான்வாஸைச் சுருட்டினால் வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், அகலமான குழாயில். எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே காய மாதங்கள் ஆகும். அதனால் இடையே சிலிக்கோன் பூசிய தாள் போடுங்கள், வெறும் கிளாசின் (வழவழப்பான மெல்லிய தாள்) ஒட்டிக்கொள்ளும். தாள்களை அட்டைகளுக்கு நடுவே வைத்து, சிலிக்கா பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையிட்டு மூடுங்கள், மழை இல்லாத நாளில். மரப்பெட்டியில் அனுப்பினால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற, பூச்சி நீக்கும் முறை ஒன்றைச் செய்ததற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத மரப்பெட்டியைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பிளைவுட் பெட்டிக்கு அந்த விதி இல்லை, எடையும் குறைவு.

பார்சல் வீடு வந்ததும் உடனே பிரித்து, ஒரு நாள் காற்றோட்டமான அறையில் தாள்களைப் பரப்பி வைத்து, பின்பக்கம் பூஞ்சைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சேதம் ஏதாவது இருந்தால் பெட்டியைத் தூக்கிப்போடாமல் அதோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனம் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுதிவிடுங்கள்.